தொட்டிலுக்குப் போட்ட துளை

ஒரு சாமானை விற்பவனுக்கு அதை உபயோகிக்கவும் தெரியும் என்று உலகம் நம்புகிறது. வளையல் விற்பவர் வளையல் போட்டுக்கொள்வதில்லை. அதை யாரும் குறையாகச் சொல்வதும் இல்லை. ஆனால் இரும்புக்கடையில் நிற்பவன் சுத்தியலைத் தொட்டால் ஆணி தானாக இறங்க வேண்டுமாம். இந்த நம்பிக்கையால் நான் பட்ட பாட்டை எழுதுவதற்கே அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் நான் எழுதாவிட்டால் என் மனைவி சொல்லும் கதைதான் நிலைக்கும். அவள் கதையில் நான் இன்னும் மோசம்.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு மதுரைக்கு ஓடிவந்து, அலுத்துப்போய்த் திரும்பிய பிறகு, ரேஷன் வந்து சேர்ந்தது. நான் அப்போது சிம்மக்கல்லில் ஒரு இரும்புக்கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். துளை போடும் சாமான்கள் எல்லாம் என் பொறுப்பு.

யாராவது வந்து "துளை போட ஒண்ணு குடுங்க" என்றால் எடுத்துக் கொடுத்துவிட மாட்டேன். வைத்தியர் மாதிரி முதலில் விசாரணை. "என்னத்துல துளை? மரமா, இரும்பா, சுவரா? வீட்டு வேலையா, பட்டறை வேலையா? எம்புட்டு ஆழம்?" என்று கேட்பேன். வில்லும் கயிறுமாக இழுக்கும் துறப்பணம் ஆசாரிகளுக்கு. கைப்பிடியைச் சுற்றும் சின்ன மெஷின் வீட்டுக்காரர்களுக்கு. படம் மாட்டலாம், தாழ்ப்பாள் போடலாம். நெஞ்சால் முட்டுக்கொடுத்து அழுத்திச் சுற்றும் பெரிய மெஷின் பட்டறைக்காரர்களுக்கு. இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தூரத்திலிருந்து கூட என்னிடம் யோசனை கேட்க வந்திருக்கிறார்கள். (அதுவரை நான் என் கையால் ஒரு துளைகூடப் போட்டதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

கண்ணாடி அலமாரியில் தனியாக ஒன்று இருந்தது. கரண்டு மெஷின். சண்டைக்கு முன்னால் சீமையிலிருந்து வந்து, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிட்டது. நல்ல பூசணிக்காய் கனம் இருக்கும். ஆயுத பூஜைக்கு முதலாளி அதைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பார், மறுபடி உள்ளே வைத்துவிடுவார். அதற்கு அவ்வளவுதான் வேலை. நான் மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "இது இருந்தா வேற எதுவும் வேண்டாம். தேக்கு, இரும்பு எல்லாம் இதுக்கு வெண்ணெய்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில் என் மனைவி சிவகாமி பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு, பேரையூருக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் வழக்கப்படி, குழந்தையின் தாய்மாமன் தொட்டில் கொண்டுவந்து கொடுப்பான். தகப்பன் வீட்டில் அதைத் தொங்கவிட்டு, நல்ல நேரத்தில் பிள்ளையைக் கிடத்தி, தாயையும் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஆனி முடிவதற்குள் வந்துவிட வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் அனுப்ப மாட்டார்கள். ஆடி போனால் அடுத்து விதைப்பு, அது இது என்று இழுத்துக்கொண்டே போகும். நான் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு அரை ஆளாகியிருந்தேன். என் மகளை ஒரே ஒரு தடவை, அதுவும் தூங்கும்போது, பார்த்திருந்தேன். அவள் கண் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மாமனாருக்கு அனுப்ப மனமில்லை. பேரையூர்ப் பக்கம் மழை பொய்த்தாலும் வீட்டில் கம்பும் சோளமும் நெல்லும் இருக்கும். மதுரையில் என்ன இருக்கும் என்பது அவர் கேள்வி. "டவுன்ல ரேஷன்ல அளந்து ஊத்துறானாமே, பச்சப்பிள்ளைக்காரிக்கு அது எப்பிடிக் காணும்?" என்று சொல்லியனுப்பியிருந்தார். தொட்டிலோடு நாங்களும் வருகிறோம், வீட்டையும் அடுப்படியையும் பார்க்கிறோம், சரியில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம் என்று தகவல். ஆக, எனக்கு அது தொட்டில் சடங்கு இல்லை, பரீட்சை.

வருவதற்குச் சில நாள் முன்னால் மைத்துனன் முத்தையா கடைக்கே வந்தான். என் வயதுதான் அவனுக்கும்.

"மாப்ள, தொட்டிலுக்கு இரும்புச் சங்கிலி வச்சுச் செஞ்சிருக்கு. ஒங்க வீட்டு மச்சுல கொக்கி இருக்கா?"

"இல்ல மச்சான்."

"அப்ப ஆசாரியக் கூப்ட்டு முன்னாடியே போட்டு வச்சிருங்க."

எங்கள் தெரு ஆசாரி கொட்டாம்பட்டியில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வேறு ஆசாரி ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "நான் இருக்கும்போது ஆசாரி எதுக்கு? நீங்க எல்லாரும் வாங்க. ஒங்க கண்ணு முன்னாடியே கரண்டு மெஷின் வச்சுப் போட்டுக் காட்டுறேன்" என்றேன். முத்தையா அலமாரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இதே வேலைக்கு வேறு ஒருவர் வந்து என்னிடம் யோசனை கேட்டிருந்தால் கைப்பிடி சுற்றும் சின்ன மெஷினைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன். கொக்கித் துளை, மர வேலை, அதற்கு அது போதும். ஆனால் அன்று நான் வாடிக்கைக்காரனாக வரவில்லையே, மாப்பிள்ளையாக அல்லவா வந்தேன்! மாமனார் முன்னால் காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. முதலாளியிடம் கேட்டேன். "விக்காத சாமான்தானே, கொண்டுபோய் ஓட்டிப் பாரு. ஓடினா வாரவங்ககிட்டச் சொல்லலாம்" என்றார். முனையில் செருகும் திருகுக் கம்பிகளில் சின்னதும் இருந்தது, பெரியதும் இருந்தது. மச்சைத் தாங்கும் உத்திரக்கட்டை நல்ல தடிமன் என்பதால் இருப்பதிலேயே நீளமானதை எடுத்துக்கொண்டேன். இந்த ஒன்றில் மட்டும் நான் யோசித்துத்தான் செய்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சொக்கலிங்கம் பின்கட்டில் இருந்தார். முன்பக்கத்து ஹாலும் சமையல்கட்டும் எங்களுக்கு. ஹாலுக்கு மேலே பலகை பாவிய மச்சு. அதற்கு மேல் ஒரு அறை, எப்போதும் பூட்டியே கிடக்கும். "பழைய சாமான் கெடக்கு" என்பார் வீட்டுக்காரர். ரேஷன் கடை வரிசையில் தெருவுக்கே முதல் ஆளாகப் பையோடு நிற்பவர் அவர். "இத வச்சு எப்பிடிப்பா குடும்பம் நடத்துறது? வயித்துக்குக் காணலையே!" என்று அவர் புலம்பினால் கேட்கிறவர்களுக்குத் தங்கள் பசி மறந்து அவர்மேல் இரக்கம் வந்துவிடும்.

ஆனி கடைசி நாள் காலையில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். மாமனார், மாமியார், தொட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு முத்தையா, கையில் குழந்தையோடு சிவகாமி. குழந்தை என்னைப் பார்த்ததும் அழுதது. மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். பானையைத் திறந்து பார்த்தார். உள்ளே கோதுமைக் குருணை அடியில் கொஞ்சம் கிடந்தது. (அதையும் முந்தின நாள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கொட்டி வைத்திருந்தேன்.) மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. தொட்டிலப் போட்டு, பிள்ளையக் கிடத்தி, சாத்திரத்துக்குக் கும்பிட்டுக்கிருவோம். சாயங்கால வண்டிக்குப் பிள்ளையும் தாயும் எங்ககூட வரட்டும். ஒரு நல்ல காலம் வந்தப்புறம் பாப்போம்."

நான் சிவகாமியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இந்த மெஷினைக் காட்டியாவது ஒரு மதிப்பை உண்டாக்கினால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். இரும்பு மெஷினுக்கும் அரிசிப் பானைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். உத்திரக்கட்டையில் சுண்ணாம்பால் குறி வைத்தேன். உடனே மாமியார் பதறினார்.

"ஐயையோ, என்ன மாப்ள இது! உத்திரத்துக்கு நேர கீழயா பிள்ளையப் போடுவாக? உத்திரத்துக்கு அடியில படுத்தா நெஞ்சுல பாரம் ஏறும். பச்ச உசுரு! தள்ளிப் போடுங்க."

"அத்தை, கட்டையிலதான் கொக்கி நிக்கும்..."

"எங்க வீட்டுல எல்லாம் ரெண்டு உத்திரத்துக்கும் நடுவுலதான் தொட்டில் தொங்குது. விழுந்தா போச்சு?"

அவர்கள் வீட்டில் இரண்டு உத்திரங்களுக்கும் குறுக்கே ஒரு கம்பைக் கட்டி, அதில் தொங்கவிட்டிருந்தார்கள். அதைச் சொல்லி விளக்கியிருக்கலாம். கடையில் என்றால் விளக்கியிருப்பேன். மாமியாரிடம் விளக்கம் சொல்லி ஜெயித்த மாப்பிள்ளை எங்கள் சுற்றுவட்டாரத்தில் இல்லை. குறியை அழித்துவிட்டு, உத்திரத்தை விட்டுத் தள்ளி, வெறும் மச்சுப் பலகையில் வைத்தேன். பலகை தடிமன் இரண்டு விரற்கடை இருந்தால் அதிகம். கையில் இருந்த கம்பியோ உத்திரத்துக்கு என்று எடுத்தது. அதை மாற்ற வேண்டும் என்று எந்தச் சாமியும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

எங்கள் ஹாலில் இருந்த ஒரே மின்சார வசதி நடுவில் தொங்கிய ஒரு பல்புதான். அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மெஷினின் ஒயரை மாட்டினேன். பேரையூரில் அப்போது கரண்டு கிடையாது. எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்கள். "சுவிச்சப் போடு" என்றேன் சிவகாமியிடம். போட்டாள். நான் விசையை அழுத்தினேன்.

வெறிபிடித்த வண்டு மாதிரி அது ஒரு சத்தம் போட்டது பாருங்கள், குழந்தை அழுகையையே நிறுத்திவிட்டது. மாமனார் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்த மரியாதையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினை மேலே தூக்கிப் பலகையில் வைத்து அழுத்தினேன்.

கைப்பிடியில் இரண்டாவதாக ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், விசையை விட்டாலும் மெஷின் நிற்காமல் ஓடுமாம். எத்தனையோ பேரிடம் இந்த மெஷினைப் பற்றிப் பேசியவன் இதை மட்டும் தெரிந்துவைத்திருக்கவில்லை. பிடிமானத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து கட்டைவிரலால் பலமாக அழுத்திக்கொண்டேன்.

கம்பி பலகைக்குள் வெண்ணெயில் போகிற மாதிரிதான் போனது. (அந்தப் பெருமை மெஷினுக்கு உண்டு.) போய், மறுபக்கம் வெளியே வந்து, எதிலோ சிக்கிக்கொண்டது. கம்பி சுற்ற முடியாமல் நின்றதும் மெஷின் சுற்ற ஆரம்பித்தது. மெஷினை நான் பிடித்திருந்ததால் நானும் சுற்றினேன். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, என் கால் இரண்டும் காற்றில். விட்டால் விழுவேன், விடாவிட்டால் சுற்றுவேன். என் மாமனார், மாமியார், மைத்துனன், மனைவி, மகள் என்று ஒவ்வொரு முகமாக வரிசையில் வந்து போனதைப் பார்த்தேன். யார் முகத்திலும் மதிப்பு தெரியவில்லை.

"சுவிச்சு! சுவிச்சு!" என்று கத்தினேன்.

"சாமி வந்துருச்சுடி!" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். மாமனார் என் காலைப் பிடிக்கப் பார்த்து, தாடையில் ஒரு உதை வாங்கினார். ஒயர் என் இடுப்பில் சுற்றி இறுக்கி, தானே அறுந்து பட்டென்று ஒரு நெருப்பு வந்தது. மெஷின் நின்றது. வீடு முழுவதும் கரண்டு போயிற்று. நான் கம்பியோடு சேர்ந்து கீழே வந்து, நல்லவேளையாக முத்தையா மேல் விழுந்தேன்.

பிறகு மேலிருந்து என் தலையில் ஏதோ கொட்ட ஆரம்பித்தது. மச்சுத் தூசி என்று நினைத்துத் தட்டிவிட்டேன். கொட்டுவது நிற்கவில்லை. சரசரவென்று துளை வழியாகக் கயிறு பிடித்த மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. தரையில் என்னைச் சுற்றி வெள்ளையாகக் குவிந்தது.

அரிசி.

அந்தக் காலத்தில் அரிசியைப் பதுக்கிவைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. யாராவது போய்ச் சொன்னால் போலீஸ் வந்து மூட்டையையும் ஆளையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். மாமனார் குனிந்து சில மணிகளை எடுத்துக் கடித்துப் பார்த்தார். விவசாயி அல்லவா, தாடை வலியிலும் அதை விடவில்லை.

"பழைய அரிசி. முத்துன சம்பா. ரேஷன்ல இதெல்லாம் குடுக்க மாட்டான்" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாரு அரிசி மாப்ள இது?"

அதே நேரம் வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்றார். கரண்டு போனது ஏன் என்று கேட்க வந்தவர். துளையைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். என்னுடையது என்றால் மாட்டிக்கொள்வார். இல்லை என்றால் அரிசி போய்விடும். நான் வாய் திறந்து, "இது வந்து மாமா, மேல பழைய சாமான்..." என்று உண்மையைச் சொல்லப் போனேன். எனக்குப் பொய் உடனே வராது. யோசித்து எடுக்க வேண்டும்.

"நம்ம அரிசிதான்ப்பா" என்றாள் சிவகாமி.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அன்றாடப் பேச்சு மாதிரி சொன்னாள்.

"பிள்ளைக்காரி வாராளேன்னு இவுக வாங்கி மேல வச்சிருக்காக. வெளிய சொல்லக்கூடாதுல்ல, அதான் பானையில குருணையப் போட்டுக் காட்டுறது. வீட்டுக்கார அண்ணந்தான் எடம் குடுத்தாக. என்ன அண்ணே?"

வீட்டுக்காரர் எச்சில் விழுங்கினார். "ஆ... ஆமாம்மா."

மாமனார் எழுந்து வந்து என் தலையில் இருந்த அரிசியைத் தட்டிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "இம்புட்டையும் சேத்து வச்சுக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலையே மாப்ள. நான் என்னமோன்னுல்ல நெனச்சேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அது அடிபட்ட வலி என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. முத்தையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "மாப்ள, நீங்க உக்காருங்க, கும்புட்டுக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சமையல்கட்டில் ஓட்டுக்கூரையின் மூங்கிலில் சிவகாமியின் பழைய சேலையைக் கட்டித் தூளி போட்டான். துளை எதுவும் தேவைப்படவில்லை. என் மகளை அதில் கிடத்தினார்கள். மரத் தொட்டில் பிற்பாடு விறகு போட்டுவைக்க உதவியது.

மத்தியானம் அந்த அரிசியில்தான் சோறு. மாமனார் பிடிவாதமாக வீட்டுக்காரரையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். சிவகாமி அவருக்கு இலை நிறையப் பரிமாறினாள்.

"சோறு நல்லாருக்கா அண்ணே?"

"நல்லா... இருக்கும்மா."

"கூச்சப்படாமச் சாப்பிடுங்க, நம்ம வீட்டு அரிசிதானே" என்றார் மாமனார். வீட்டுக்காரரைப் போல் துயரத்தோடு சோறு சாப்பிட்ட மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சாயங்கால வண்டிக்கு மூன்று பேர் மட்டும் ஏறினார்கள். மீதி அரிசியை அள்ளிப் புடைத்து வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டோம். அவர் அதற்கப்புறம் எங்களைக் காலி செய்யச் சொல்லவே இல்லை, பாவம். மெஷின் வேறு ஒயரோடு அலமாரிக்குத் திரும்பி, அடுத்த ஆயுத பூஜைக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டது.

ஆனால் விஷயம் பேரையூரில் பரவிவிட்டது. "மதுரை மாப்ள வீட்டுல மச்சத் தட்டுனா அரிசி கொட்டும்" என்று. கோர்ட்டுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மீனாட்சியைக் கும்பிட வந்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, உட்கார்ந்தவுடன் மேலே பார்த்தார்கள். ரேஷன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் இது நிற்கவில்லை. நான் சம்பாதித்ததில் பாதி இப்படித்தான் போயிருக்கும். என் வீட்டில் இன்றைக்கும் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க எனக்கு அனுமதி கிடையாது. பேரப்பிள்ளைகள் யாராவது சுவரில் துளை போட ஆரம்பித்தால் என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "அந்தப் பக்கம் யாரு அரிசி வச்சிருக்காகன்னு கேட்டுட்டுப் போடுங்க!"

அன்று எல்லோரும் வண்டியேறிய பிறகு நான் சிவகாமியிடம் கேட்டேன். அப்பாவிடம் அப்படி ஒரு பொய்யை ஏன் சொன்னாய், பேரையூருக்குப் போயிருந்தால் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாமே என்று. அவள் துளையை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் என் தலையில் மிச்சம் இருந்த ஒரு அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"போயிருக்கலாம். ஒங்களத் தனியா விட்டுட்டுப் போகப் பயமா இருந்துச்சு."

இத்தனை வருஷம் கழித்தும், யார் கேட்டாலும் இதே பதில்தான் சொல்கிறாள். அந்தப் பயம் இன்னும் அவளுக்குத் தெளியவில்லை. தெளிந்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் பயம்.